அணிவகுப்பு மேடையும் நிறத்தின் அளவுகோலும்

1975ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நியூயார்க் நகரப் பத்திரிகையாளர்களுக்கு ஒரு கதை வழங்கப்பட்டது. ஆப்பிரிக்கக் காட்டுவெளியில் கால்நடை மேய்த்துத் திரிந்த, ஆங்கிலம் அறியாத ஒரு பழங்குடிப் பெண்ணைப் புகைப்படக் கலைஞர் பீட்டர் பியர்ட் கண்டெடுத்து அழைத்துவந்திருக்கிறார் என்பது அக்கதை. அப்பெண்ணின் பெயர் இமான். உண்மையில் அவர் மொகதிஷுவில் பிறந்த முஸ்லிம் பெண். சோமாலியத் தூதர் ஒருவரின் மகள். எகிப்தில் பள்ளிக் கல்வி பெற்றவர். ஆங்கிலம் உட்படப் பல மொழிகள் பேசுபவர். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் பயின்றுகொண்டிருந்தபோதுதான் பியர்ட் அவரைக் கண்டார். கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததாலேயே இமான் படமெடுக்க இசைந்தார்.

இப்படியொரு பொய்யைப் புனைய வேண்டிய தேவை ஏன் எழுந்தது? பல்கலைக்கழக மாணவியான ஒரு கறுப்பினப் பெண் அழகாகவும் இருக்கிறார் என்ற எளிய உண்மையை அன்றைய ஃபேஷன் உலகத்தால் விற்க இயலவில்லை. கானகத்தின் கண்டுபிடிப்பு என்றால் மட்டுமே அவ்வழகுக்கு அங்கு விலை இருந்தது. கதவு திறக்கப்பட்டது மெய்தான். ஆனால், உள்ளே நுழைபவர் யாராக இருக்க வேண்டும் என்பதைக் கதவைத் திறந்தவர்களே முடிவு செய்தனர். ஃபேஷன் துறையில் இனப் பன்மை இல்லை என்னும் குற்றச்சாட்டைப் பெரும்பாலோர் தலையெண்ணிக்கையாகவே விவாதித்து வருகின்றனர். எண்ணிக்கை தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் கடந்த அரை நூற்றாண்டின் நிகழ்வுகளை ஒருசேர வைத்து நோக்கும்போது, எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, அளவுகோல் மட்டும் ஒரே கையில் இருந்துவந்திருப்பதைக் காண்கிறோம். இக்கட்டுரையில் நாம் பேச விரும்புவது அந்த அளவுகோலைப் பற்றியே.

முதலில் ஏற்ற இறக்கத்தைக் கவனிப்போம். 1966இல் டோன்யேல் லூனா பிரிட்டிஷ் 'வோக்' இதழின் அட்டையில் இடம்பெற்றார். 1973 நவம்பர் 28 அன்று, வெர்சாய் அரண்மனையைப் புதுப்பிக்க நிதி திரட்டும்பொருட்டு ஐந்து பிரெஞ்சு வடிவமைப்பாளர்களும் ஐந்து அமெரிக்க வடிவமைப்பாளர்களும் ஒரே மேடையில் தத்தம் ஆடைகளைக் காட்டினர். அமெரிக்கர் தரப்பில் பத்துப் பேரளவில் கறுப்பின மாடல்கள் நடந்தனர். வடிவமைப்பாளர்களுள் ஒருவரான ஸ்டீபன் பரோஸும் கறுப்பினத்தவரே. அவ்விரவில் பாரிஸின் மேட்டுக்குடியினர் எழுந்து நின்று ஆரவாரித்தது அமெரிக்கர்களைப் பார்த்துத்தான் என்று ஃபேஷன் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. மறு ஆண்டு ஆகஸ்டில் பெவர்லி ஜான்சன் அமெரிக்க 'வோக்' அட்டையில் தோன்றினார். பிரெஞ்சு 'வோக்' அட்டைக்கு ஒரு கறுப்பினப் பெண் வருவதற்கு 1988வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் தானாக நிகழவில்லை. வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் தம் விளம்பரங்களை நிறுத்திவிடுவதாக எச்சரித்த பின்னரே தம் படம் அட்டைக்கு வந்ததாக நவோமி கேம்ப்பெல் கூறியிருக்கிறார்.

இவ்வளவும் நிகழ்ந்தபின், பாதை திறந்துவிட்டது என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் 2007 இலையுதிர்காலத்தில் நியூயார்க்கில் நடைபெற்ற 101 காட்சிகளுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் ஒரு கறுப்பின மாடல்கூட இல்லை என்பதைத் துறைசார் நாளேடு ஒன்று கணக்கிட்டுச் சொன்னது. மிலானில் பிராடா நிறுவனத்தின் மேடையில், நவோமி கேம்ப்பெல்லுக்குப் பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஒரு கறுப்பினப் பெண்ணும் நடக்கவில்லை. 2008இல் ஜோர்டன் டன் நடந்தபோது அது செய்தியாயிற்று. ஒரு பெண் மேடையில் நடப்பதே செய்தியாகிறது எனில், நடக்காதிருப்பது எவ்வளவு இயல்பாகியிருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்துறையின் காலக்கணக்கு பருவங்களால் ஆனது. குட்டைப் பாவாடை ஒரு பருவம், நெடுஞ்சட்டை ஒரு பருவம். மனிதத் தோலின் நிறமும் இக்கணக்கில் சேர்க்கப்பட்டமையால்தான் அது வந்ததுபோலவே திரும்பிப் போயிற்று.

வாடிக்கையாளர் விரும்புவதைத்தானே தர முடியும் என்பது இத்துறையினரின் வழக்கமான சமாதானம். இதற்கு அவர்களது முகாமிலிருந்தே ஒரு மறுப்பு வந்தது. 2008 ஜூலையில் இத்தாலிய 'வோக்' ஆசிரியர் ஃபிராங்கா சொஸானி, ஸ்டீவன் மைசல் எடுத்த படங்களுடன், கறுப்பின மாடல்களை மட்டுமே மையமாகக் கொண்ட ஓர் இதழை வெளியிட்டார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவ்விதழ் சில நாட்களில் விற்றுத் தீர்ந்து மறுபதிப்புக் கண்டது. சந்தை என்ன செய்யும் என்னும் கேள்விக்குச் சந்தையே விடையளித்துவிட்டது. ஆயினும் அவ்விதழைப் புரட்டிப் பார்த்த விமர்சகர்கள் வேறொன்றையும் கவனித்தனர்: ஆசிரியரின் பக்கங்கள் கறுத்திருந்தன; நிறுவனங்கள் பணம் கொடுத்து வாங்கிய விளம்பரப் பக்கங்கள் பெரும்பாலும் வெளுத்தே இருந்தன. விருந்து ஓரிடத்தில், பணப்பெட்டி வேறிடத்தில் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெளுப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதும் அறியத்தக்கதே. யாரும் வெளிப்படையாகத் தடை விதிப்பதில்லை. மாடல்களைத் தெரிவு செய்யும் முகவர், இப்பருவத்தில் வடிவமைப்பாளரின் பார்வை வேறு என்பார். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த இளம்பெண்களைக் கொண்டு, ஒரே உயரம், ஒரே மெலிவு, ஒரே வெளிறிய முகம் என வரிசை அமைப்பது 1990களின் இறுதி தொடங்கிப் பாணியாயிற்று. ஆடையைப் பார்வையாளர் கவனிக்க வேண்டுமாயின் முகம் கண்ணை ஈர்க்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட கலைக்கோட்பாடு. கறுத்த முகம் மட்டும் கண்ணை ஈர்ப்பதாகவும் வெளுத்த முகம் ஈர்க்காததாகவும் எவர் தீர்மானித்தார்? வெண்மையை முகமே இல்லாத பொதுநிலையாகவும் பிறவற்றை அதன்மீது இட்ட கறையாகவும் கருதும் பழைய மனப்பாங்கு இங்கே அழகியலின் பெயரில் பேசுகிறது.

பெத்தான் ஹார்டிசன் இதை நன்கறிந்தவர். வெர்சாய் மேடையில் நடந்த மாடல்களுள் ஒருவர். பிற்காலத்தில் முகவர் நிறுவனம் நடத்தியவர். 1988இல் இமானுடன் இணைந்து கறுப்பின மாடல்களுக்கான கூட்டமைப்பைத் தோற்றுவித்தவர். 2013 செப்டம்பரில் அவர் நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஆகிய நான்கு நகரங்களின் ஃபேஷன் அமைப்புகளுக்குத் திறந்த மடல்களை அனுப்பினார். இமானும் நவோமி கேம்ப்பெல்லும் அவருடன் நின்றனர். கறுப்பின மாடலைப் பயன்படுத்தாத, அல்லது ஒருவரோடு நிறுத்திக்கொண்ட வடிவமைப்பாளர்களின் பெயர்களை அம்மடல்கள் பட்டியலிட்டன. அவர்களது எண்ணம் எதுவாயினும் விளைவு இனவாதமே என்பதுதான் அவற்றின் சாரம். நீங்கள் இனவாதிகள் என்று ஹார்டிசன் சொல்லவில்லை. நீங்கள் செய்வது இனவாதச் செயல் என்றார்.

எண்ணத்தையும் விளைவையும் இவ்வாறு பிரித்தது மேலைநாட்டு ஊடகங்கள் சிலவற்றுக்கு வியப்பளித்தது. ஃபிக்ஹு நூல்களோடு பழகியவர்களுக்கு அதில் வியப்பில்லை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பது நமது மார்க்கத்தின் அடிப்படை. அது அடியானுக்கும் இறைவனுக்கும் இடையிலான கணக்கு. மனிதர் மனிதருக்குச் செலுத்த வேண்டிய உரிமைகளில் சட்டவியலாளர்கள் வேறு வாயிலையும் திறந்து வைத்தனர். தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவர் பாவியாகக் கருதப்படாவிடினும் அவர்மீதும் அவரது குலத்தார்மீதும் தியத் என்னும் ஈட்டுத்தொகை கடமையாகிறது. அறியாமல் பிறர் பொருளைச் சேதப்படுத்தியவரும் ஈடு செய்ய வேண்டும். என் உள்ளம் தூய்மையானது என்ற வாக்குமூலம் அங்கே கடனைத் தீர்ப்பதில்லை. ஹார்டிசன் இந்நூல்களைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், அவர் கேட்டது ஈடுதான்.

அதே 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேலைநாட்டு அங்காடிகளுக்கு ஆடை தைத்த இளம்பெண்கள். மேடையில் தேடிக் காணாத நிறம் தையற்கூடத்தில் நிறைந்திருந்தது. இனப் பன்மை குறித்த விவாதங்கள் இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசுவது அரிது.

அளவுகோல் கருவிகளுக்குள்ளும் குடியிருக்கிறது. வண்ணப்படச் சுருள்களைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தவர் ஒரு வெள்ளைப் பெண். அவரது தோல் சரியாகத் தெரிந்தால் படம் சரி. கறுத்த முகங்கள் அச்சுருளில் விவரமிழந்து இருண்டன. இக்குறை திருத்தப்படுவதற்குப் பெரிதும் காரணமானது கறுப்பின மக்களின் முறையீடு அன்று. தம் பொருள்களின் பழுப்பு நிறவேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று சாக்லேட் விளம்பரதாரர்களும் மரச்சாமான் விற்பனையாளர்களும் முறையிட்டதே என்பதைக் கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் எடுத்துக்காட்டியிருக்கிறார். குழந்தைகளின் வண்ணக்குச்சிப் பெட்டியில் இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த ஒரு நிறத்துக்கு 'சதை' என்றே பெயரிட்டிருந்த கிரேயோலா நிறுவனம், 1962இல்தான் அப்பெயரை மாற்றியது. ஆடைக்கடைகளில் 'நியூட்' என்னும் நிறப்பெயர் இன்றும் வழங்குகிறது. யாருடைய மேனியின் நிறம் அது என்று கேட்டால் விற்பவர் சற்றுத் திகைப்பார்.

அமெரிக்க 'வோக்' இதழுக்காக எடுத்த முதற்படப்பிடிப்பில் ஒப்பனைக் கலைஞர், உங்கள் முகப்பூச்சை நீங்களே கொண்டுவந்தீர்களா என்று தம்மிடம் கேட்டதை இமான் நினைவுகூர்ந்திருக்கிறார். அக்கலைஞரின் பெட்டியில் அவரது நிறத்துக்கு எதுவும் இல்லை. 1994இல் இமான் தம் பெயரிலேயே ஓர் ஒப்பனைப்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியதன் வேர் இக்கேள்வியில் இருக்கிறது. படக்கருவியின் பின்னே நிற்பவர் யார் என்பதும் இதனோடு சேர்ந்ததே. 1892இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க 'வோக்' இதழின் அட்டைப்படத்தை ஒரு கறுப்பினப் புகைப்படக் கலைஞர் எடுத்தது 2018 செப்டம்பரில். டைலர் மிட்செல் என்னும் அவ்விளைஞருக்கு அப்போது வயது 23. இதழுக்கு 126.

முஸ்லிம் வாசகரை நேரடியாகத் தொடும் பகுதிக்கு இனி வருவோம். 2014 தொட்டுப் பெருநிறுவனங்கள் ரமளான் தொகுப்புகளை வெளியிடலாயின. 2016 ஜனவரியில் டோல்சே அண்டு கப்பானா நிறுவனம் அபாயாக்களை விற்பனைக்கு அறிவித்தது. அவ்வாண்டு மார்ச்சில் பிரான்சில் எழுந்த எதிர்ப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. மகளிர் உரிமைத் துறை அமைச்சராக இருந்த லோரான்ஸ் ரோசிஞோல், தாமாகவே முக்காடு அணியும் பெண்களை, அடிமைமுறையை ஆதரித்த கறுப்பர்களோடு ஒப்பிட்டார். அதற்கு அவர் எடுத்தாண்டதும் இழிசொல்லே. கண்டனம் வலுத்தபோது சொல் பிழை என்றார். கருத்தைத் திரும்பப் பெறவில்லை. அதே வேளையில் ஈவ் சான் லோரானின் வாழ்நாள் பங்காளரான பியர் பெர்ஜே, இஸ்லாமிய ஆடைகளை விற்க முனையும் வடிவமைப்பாளர்களைக் கடிந்து, பெண்களை மறைப்பதற்கு ஃபேஷன் துணைபோகலாகாது என்றார். 1988இல் ஒரு கறுப்பினப் பெண்ணின் முகத்தை அட்டைக்குக் கொண்டுவரத் தன் பணபலத்தைப் பயன்படுத்திய அதே நிறுவனத்தின் குரல் இது. இரண்டும் முரண் என நமக்குத் தோன்றவில்லை. முகத்தைத் தருபவருக்கு இடமுண்டு; தன் உடலில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்னும் தீர்மானத்தையும் உடன்கொண்டு வருபவருக்கு இடமில்லை.

தலைத்துணியின்மீது இத்துறைக்கு வெறுப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2018 பிப்ரவரியில் மிலானில் குச்சி நிறுவனம் சீக்கியர் தலைப்பாகையை ஒத்ததொன்றை வெள்ளை மாடல்களுக்கு அணிவித்து நடக்கவிட்டது. மறு ஆண்டு அமெரிக்க அங்காடி ஒன்றில் அது 790 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது சீக்கியர் வெகுண்டனர். அங்காடி மன்னிப்புக் கேட்டது. தம் தலைப்பாகைக்காகத் தெருவில் தாக்கப்படும் மக்கள், அதே தலைப்பாகை வேறொரு தலையில் அணிகலனாவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இப்பின்னணியில்தான் ஹலீமா ஏடனின் வருகையைக் காண வேண்டும். கென்யாவின் ககுமா அகதி முகாமில் 1997இல் பிறந்த இச்சோமாலியப் பெண் குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சென்று மின்னசோட்டாவில் வளர்ந்தவர். 2016இல் அம்மாநில அழகுப் போட்டியில் ஹிஜாபுடனும், நீச்சலுடைச் சுற்றில் புர்கினியுடனும் தோன்றினார். புகழ்பெற்ற முகவர் நிறுவனம் ஒன்று அவரை ஒப்பந்தம் செய்தது. ஹிஜாபைக் களைவதில்லை என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. 2017இல் நியூயார்க்கிலும் மிலானிலும் மேடையேறினார். 2018 மே மாதத்தில் பிரிட்டிஷ் 'வோக்' அட்டையில் பிற மாடல்களோடு ஹிஜாபுடன் இடம்பெற்றார்.

நாமும் மகிழ்ந்தோம். அந்த அட்டைப்படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பி, பாருங்கள், கறுப்பு நிறமும் ஹிஜாபும் ஒருசேர வென்றுவிட்டன என்று எழுதிக்கொண்டோம். வீண்விரயத்தையும் ஆடம்பரக் காட்சியையும் கண்டிக்கும் ஒரு மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அம்மேடையில் இடம்பெறுவதை வெற்றியெனக் கொண்டாடலாமா என்று அன்று கேட்டவர்களைப் பழைமைவாதிகள் என ஒதுக்கினோம். அவர்கள் கேட்ட முறையில் கடுமை இருந்தது. கேள்வி பொருளற்றது அன்று.

2020 நவம்பரில் ஹலீமா விலகினார். பெருந்தொற்றுக் காலம் தந்த ஓய்வில் தாம் கடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்த்ததாகக் கூறிய அவர், தம் படங்களையே ஒவ்வொன்றாகச் சமூக ஊடகத்தில் இட்டு அவற்றின்கீழ் சாட்சியம் எழுதினார். தொழுகைகள் தவறியிருந்தன. ஹிஜாப் வரவர அடையாளம் தெரியாதபடி உருமாறிற்று. ஒரு படப்பிடிப்பில் தலைத்துணிக்குப் பதிலாக ஜீன்ஸ் கால்சட்டைகளை அவர் தலையில் சுற்றினர். ஒப்பந்தத்தில் இருந்த சொல்லை எவரும் மீறவில்லை. தலை மூடப்பட்டே இருந்தது. மூடுவதன் பொருள் மட்டும் உருவி எடுக்கப்பட்டது. ஆடையை மறைப்பாகவும் அழகாகவும் குறிப்பிட்டுவிட்டு, தக்வா என்னும் ஆடையே அவற்றினும் மேலானது எனச் சொல்லும் அல்-குர்ஆனின் 7:26ஆம் வசனத்தை அறிந்தவர்கள், ஹலீமா எதை இழந்ததாக உணர்ந்தார் என்பதை எளிதில் விளங்கிக்கொள்வர். தாயார் நெடுநாளாகவே இத்தொழிலை விடுமாறு வேண்டிவந்ததையும் அவர் மறைக்கவில்லை.

மேலைநாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு இத்தோடு எழுந்து போவது நமக்கு எளிது. பிலால் (ரலி) அவர்கள் கஅபாவின் மேலேறி பாங்கு சொன்னதையும், நிறங்களின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக 30:22ஆம் வசனம் கூறுவதையும் சொல்லி முடித்துவிடலாம். நம் மேடைகளில் வழக்கமாக அவ்வாறே முடிக்கிறோம். ஆனால் அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துரைத்தபோது, உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யா இருக்கிறது என்னும் பொருளில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. இழித்துரைக்கப்பட்டவர் பிலால் (ரலி) அவர்களே என்பர் உரையாசிரியர் பலர். நபித்தோழருள் மிகப் பற்றற்றவரான ஒருவரிடமே அது எஞ்சியிருந்தது எனில் நாம் எம்மாத்திரம்? ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவின் அல்-ஜாஹிழ், வெள்ளையரைவிடக் கறுப்பர்களுக்குள்ள பெருமைகளைப் பற்றித் தனிநூல் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதின் இப்னுல் ஜவ்ஸியும் கறுப்பர், அபிசீனியர் ஆகியோரின் சிறப்பைக் கூற ஒரு நூல் செய்தார். இவற்றை நம் நாகரிகத்தின் பெருமையாக மட்டுமே மேற்கோள் காட்டுகிறோம். இழிவு நிலவாத சமூகத்தில் இத்தகைய நூல்கள் எழுதப்பட வேண்டிய தேவை என்ன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அல்-ஜாஹிழ் மறைந்த காலத்தையொட்டி, 869இல், அவரது பஸ்ராவின் உவர்நிலங்களில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை அடக்க அப்பாசியர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

இன்றைய நிலையையும் பார்ப்போம். ஹயாவைப் பேணும் ஆடைகள் என்று விளம்பரம் செய்யும் முஸ்லிம் நிறுவனங்களின் பக்கங்களைப் புரட்டுங்கள். எத்தனை கறுத்த முகங்கள் தென்படுகின்றன? நம் ஊர் அபாயாக் கடைகளில் வரிசையாக நிற்கும் பொம்மைகளின் நிறம் என்ன? அக்கடைக்குள் நுழையும் பெண்களில் எவரது நிறமும் அதுவன்று. நம் சமுதாயத்தின் மணமகள் தேவை விளம்பரங்களில் மார்க்கப்பற்றுக்கு அடுத்த சொல்லாக நல்ல நிறம் என்பது அச்சாகி வருவதை ஆலிம்களும் வாசிக்கிறார்கள், நாமும் வாசிக்கிறோம். இந்தியாவில் 1975இல், இமான் நியூயார்க்கில் வந்திறங்கிய அதே ஆண்டில், சந்தைக்கு வந்த ஒரு சிவப்பழகுக் களிம்பு, 2020இல்தான் தன் பெயரில் இருந்த 'ஃபேர்' என்னும் சொல்லைக் கைவிட்டது. களிம்பு கைவிடப்படவில்லை.

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபின் ஃபேஷன் நிறுவனங்கள் கறுப்புச் சதுரங்களை வெளியிட்டு உறுதிமொழிகள் அளித்தன. மேடைகளில் நிறங்கள் பெருகின. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் 2023 அக்டோபரில் கேரிங் குழுமம் தன் அலெக்சாண்டர் மக்வீன் நிறுவனத்துக்குப் புதிய கலை இயக்குநரை நியமித்தபோது, அக்குழுமத்தின் ஆறு ஆடை நிறுவனங்களையும் இயக்குபவர்கள் வெள்ளை ஆண்களே என்பது வெளிப்பட்டது. நடப்பவர் வேறு, நடத்துபவர் வேறு என்னும் பழைய ஏற்பாடு பெரிதும் குலையவில்லை.

விலகிய சில வாரங்களுக்குப் பின் அளித்த பேட்டியில் ஹலீமா ஒரு பெட்டியைப் பற்றிச் சொன்னார். படப்பிடிப்பு நடத்துவோரிடம் தமக்கேற்ற ஆடை இருக்குமா என்னும் உறுதி இல்லாததால், தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி நிறைய ஹிஜாப்களையும் நீண்ட ஆடைகளையும் தாமே சுமந்து சென்றாராம். இமானிடம் முகப்பூச்சைக் கேட்டவர்களின் காலத்துக்கும் இந்தப் பெட்டிக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. 2021இல் ஹலீமா துருக்கியின் மோதானிசா நிறுவனத்துக்காகத் தலைத்துணிகளை வடிவமைத்தார்.